மைதானத்தில் செத்த வாலிபர் மாணவரா, தொழிலாளியா? அமெரிக்க கல்லூரிகளில் 70 வருஷ சம்பளத் தகராறு!

கல்லூரிக்காக பந்து விளையாடப் போன வாலிபர் மண்டையில் அடிபட்டு விழுந்தார். பிழைக்கவில்லை. வேலையில் உயிர் விட்ட தொழிலாளிக்கு உண்டான நஷ்டஈட்டை தனக்குத் தரவேண்டும் என்று அவருடைய மனைவி கேட்டார்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 1955-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. செத்தவர் பெயர் ரே டென்னிசன். ராணுவத்தில் இருந்து திரும்பி வந்து, ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தவர். அமெரிக்காக்காரன் "புட்பால்" என்று சொல்வது நம்ம கால்பந்து அல்ல. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடவேண்டும். ஓடுகிறவன் மேல் எதிரணிக்காரன் பாய்ந்து கவிழ்ப்பான். தலையில் ஹெல்மெட் இருந்தும் மண்டை உடையும்.

வழக்கு மாநில சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1957-ல் தீர்ப்பு வந்தது. கல்லூரி பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே செத்தவர் கல்லூரியின் தொழிலாளி அல்ல என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் காலணா கிடைக்கவில்லை.

புதுப் பெயர் பிறந்தது

இந்த மாதிரி வழக்குகளைக் கண்டு மிரண்டு போனது கல்லூரி விளையாட்டுகளைக் கட்டி ஆளும் சங்கம். என்.சி.ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வீரர்களை "மாணவ வீரர்" என்றே அழைக்கவேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. தொழிலாளி என்ற பேச்சு எழக்கூடாது என்பதற்காகவே இந்தப் பெயரைக் கொண்டுவந்ததாக, சங்கத்தை 1951 முதல் 1987 வரை நிர்வகித்த வால்டர் பையர்ஸ் 1995-ல் எழுதிய புத்தகத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பதவியில் இருந்தபோது சொல்லியிருந்தால் யாருக்காவது உபயோகப்பட்டிருக்கும்!

1974-ல் இன்னொரு பரிதாபம். டெக்சாஸ் கிறிஸ்தவ பல்கலைக்கழக வீரர் கென்ட் வால்ட்ரெப், அலபாமா அணியோடு ஆடும்போது கழுத்து முறிந்து முடமானார். அவரும் நஷ்டஈட்டுக்காக நடையாய் நடந்தார். முதலில் ஜெயித்தார். இன்சூரன்ஸ் கம்பெனி விடவில்லை. 2000-ம் ஆண்டு டெக்சாஸ் அப்பீல் கோர்ட்டும் அவர் தொழிலாளி அல்ல என்று முடித்துவிட்டது. அடிபட்டு 26 வருஷம் கழித்து!

பணம் யாருக்கு?

"வியாபாரம் அல்ல" என்று சொன்ன ஆட்டத்தில் எவ்வளவு பணம் புரண்டது தெரியுமா? கல்லூரி கூடைப்பந்துப் போட்டியை டெலிவிஷனில் காட்ட 2010-ல் போட்ட ஒப்பந்தம் மட்டும் 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலர். 2024-ல் ஓய்வு பெற்ற அலபாமா பயிற்சியாளர் நிக் சாபன் வருஷத்துக்கு 1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். அவர் மாணவர் இல்லையே!

ஆடுகிற பையனுக்கோ படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கும் சட்டம் பேசினார்கள். இடைவேளைப் பசிக்கு "பேகல்" என்ற வட்ட ரொட்டி கொடுக்கலாம். அதன்மேல் சீஸ் தடவினால் விதி மீறல்! (இந்த வேடிக்கையை எடுக்க 2013 ஆகிவிட்டது.) 2014 ஏப்ரலில் கனெக்டிகட் அணிக்கு சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரி பட்டினியோடு படுப்பதாக நிருபர்களிடம் போட்டு உடைத்தார். ஒரே வாரத்தில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு தளர்ந்தது.

கல்லூரிகளும் சும்மா இல்லை. படிப்புச் செலவே லட்சக்கணக்கான டாலர் பெறும், பெரும்பாலான கல்லூரிகளுக்கு விளையாட்டில் நஷ்டம்தான், புட்பாலில் வருகிற காசில்தான் நீச்சலும் படகுப் போட்டியும் நடக்கின்றன என்று வாதம் செய்தன. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயிற்சியாளருக்குக் கோடி கொடுக்கும்போது அந்த நஷ்டம் எங்கே போனது?

கார் விற்றவர் போட்ட கேஸ்

திருப்பம் கொண்டுவந்தவர் எட் ஓபானன். 1995-ல் சாம்பியன் அணியின் நட்சத்திரம். பிறகு கார் விற்கும் வேலைக்குப் போனார். நண்பர் வீட்டில் ஒரு வீடியோ கேம். அதில் இவரே ஆடிக்கொண்டிருந்தார்! அதே 31-ம் நம்பர், அதே இடது கை, அதே மொட்டைத் தலை. இவருக்கு ஒரு பைசா வரவில்லை. 2009-ல் கேஸ் போட்டார். 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார்.

அப்புறம் மளமளவென்று சரிந்தது. 2021 ஜூன் 21-ந் தேதி, படிப்பு சம்பந்தமான சலுகைகளுக்குச் சங்கம் உச்சவரம்பு போட்டது செல்லாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்த பத்தே நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. 2025 ஜூன் 6-ந் தேதி அதே வில்கன் ஒரு சமரசத்துக்குச் சம்மதம் தந்தார். மாஜி வீரர்களுக்கு பாக்கியாக சுமார் 280 கோடி டாலர். ஒவ்வொரு கல்லூரியும் முதல் வருஷம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். பாக்கியில் பெரும் பங்கு புட்பால், கூடைப்பந்து ஆண்களுக்கே போகிறது என்று பெண் வீராங்கனைகள் சிலர் அப்பீலுக்குப் போனார்கள்.

டென்னிசன் மனைவி கேட்டாரே, அந்தக் கேள்வி? அதற்குச் சமரசத்தில் பதில் கிடையாது. காசு கொடுக்கலாம். ஆனால் "தொழிலாளி" என்ற வார்த்தை மட்டும் வரக்கூடாது. படிப்பு முடிந்த பிறகும் 2 வருஷம் காயங்களுக்குச் சிகிச்சை செய்ய இன்சூரன்ஸ் என்று 2024 ஆகஸ்டில் சங்கம் ஒரு ஏற்பாடு செய்தது. கழுத்து முறிந்தவனுக்கு 2 வருஷம் எந்த மூலைக்கு?

டார்ட்மவுத் கல்லூரி கூடைப்பந்து வீரர்கள் நாங்கள் தொழிலாளிகள்தான் என்று 2024 மார்ச்சில் ஓட்டுப் போட்டு யூனியன் அமைக்க முடிவு செய்தார்கள். ஆதரவு 13, எதிர்ப்பு 2. கல்லூரி பேச்சு வார்த்தைக்கே வர மறுத்தது. அந்த வருஷத்தின் கடைசி நாளான டிசம்பர் 31-ந் தேதி மனுவை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.