வானம் பார்த்த கரை – 6: துருவம் மங்கிய திசை

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. அதனால் வடசென்னையின் திருவொற்றியூர்க் கரையில் நிற்பவருக்குத் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானிலிருந்து 13 பாகை உயரத்தில்தான் தெரிய வேண்டும். தெற்கே தென்சிலுவையின் அடிமுனை விண்மீன் உச்சிக்கு ஏறினாலும் 14 பாகையைத் தாண்டாது. திசை சொல்லும் இரண்டும் வானின் மிகத் தாழ்ந்த பட்டையில் அமைந்துவிட்டன. வடசென்னை இழந்ததும் அந்தப் பட்டையைத்தான்.

அந்த உயரத்திலிருந்து வரும் ஒளி, தலைக்கு நேர் மேலிருந்து வரும் ஒளியைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடக்க வேண்டும். அந்தக் காற்றில் கடலுப்புத் துகள், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகை, மணலி ஆலைப் புகை, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி எல்லாம் கலந்திருக்கின்றன. கடற்கரை ஈரத்தில் உப்புத் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். பருத்த துகள் ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும். வடக்கே காமராசர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் உயர்கோபுர விளக்குகள், தெற்கே ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தின் விளக்குகள். துருவமும் சிலுவையும் நிற்க வேண்டிய இடத்தில் வெளிறிய மூட்டமே நிற்கிறது.

இப்படி மங்கும் விண்மீன்களின் ஒளியை அளக்க இன்று உலகமெங்கும் வழங்கும் ஒளிப்படியை 1856-இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகும். 1861-இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்த அவர், அதே ஆண்டு அங்கிருந்தே 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் 'ஆர் ரெட்டிகுலை' என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். அதுவும் சென்னையில் ஏறத்தாழ 14 பாகைக்கு மேல் ஏறாத விண்மீன். வெறுங்கண்ணுக்கு எட்டாத அதைத் தொலைநோக்கியில் பிடிக்குமளவு அன்றைய தென்வானம் தெளிந்திருந்தது என்பது வியக்கத்தக்கது.

துருவ நட்சத்திரம் 2-ஆம் படியைச் சேர்ந்தது. தலைக்கு மேலுள்ள காற்றளவு அரைப்படி ஒளியை விழுங்கினால், 13 பாகையில் அது 4-ஆம் படிக்கும் கீழே போய்விடும். இருண்ட ஊரில் 6-ஆம் படிவரை, ஒரே நேரத்தில் இரண்டாயிரம் விண்மீன்களுக்கு மேல் தெரியும். 3-ஆம் படியோடு நின்றுவிடும் நகரவானில் நூறுகூடத் தேறாது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் பதிந்த கணிப்புகளின்படி, இரவுவானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியிருக்கிறது.

இதே வடக்குத் திசையில்தான் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. 2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்பேடெக்ஸ் இணைக்கலங்களைச் சுமந்து பி.எஸ்.எல்.வி. சி-60 அங்கிருந்துதான் கிளம்பியது. ராக்கெட் ஏறும் சில நிமிடங்கள் வானத்தை அண்ணாந்து பார்க்க வைக்கும். ஆனால் அந்தக் கலங்கள் போய்ச் சேரும் வானத்தை நாள்தோறும் பார்த்துப் பழகும் வாய்ப்பு வடசென்னைப் பிள்ளைகளுக்கு இல்லை. வியப்பு எப்போதாவது வரும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது.

இந்த இழப்பு நிரந்தரமானதல்ல. விளக்குக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் திருப்புவது, நீலம் மிகுந்த வெண்ணொளிக்குப் பதில் மஞ்சள் சாயல் விளக்குகளைப் பொருத்துவது, வேலை இல்லாத தளங்களில் அணைத்துவைப்பது ஆகியவற்றால் பலன் அன்றிரவே தெரியும். லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் அறிவிக்கப்பட்ட இருள்வான் காப்பகத்தில் ஊர்மக்கள் இந்த வகைக் கட்டுப்பாடுகளோடுதான் வாழ்கிறார்கள். துறைமுகத்தால் ஹான்லே ஆக முடியாது. ஆனால் மேல்நோக்கி வீணாகும் ஒளி எந்தக் கப்பலுக்கும் சரக்கு ஏற்ற உதவுவதில்லை. புகையும் புழுதியும் குறைய ஆண்டுகள் ஆகும் என்பதால், விளக்கிலிருந்து தொடங்குவதே எளிது.