காத்திருப்போரை வரைந்த ஜொகூர் ஓவியர்

ஓவியம் என்றதும் மலை, கடல், கம்பத்து வீடு என்றுதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். மருத்துவமனையில் தம் முறைக்காகக் காத்திருப்பவர்களை யார் வரைவார்?

வரைந்தவர், ஜொகூரில் 1936-இல் பிறந்த சியா யூ சியன். பிரெஞ்சு அரசின் உபகாரச் சம்பளம் பெற்று 1959-இல் பாரிஸ் சென்று நுண்கலை பயின்றவர். நாடு திரும்பியபின், சக ஓவியர் பலர் உருவங்களைக் கைவிட்டு அரூப ஓவியங்களில் இறங்கியிருந்த காலத்தில், இவர் கோலாலம்பூரில் மனிதர்கள் கூடும் இடங்களையே தேடிப் போனார்.

தடித்த கருங்கோட்டால் உருவத்தை வளைத்து, உள்ளே அழுத்தமான வண்ணம் பூசுவது அவர் பாணி. தூரம், ஆழம் காட்டுவதில் அவருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. அதனால் பின்வரிசைக்காரரும் முன்னால் வந்துவிடுகிறார். நெரிசல் பார்ப்பவர் மேலேயே வந்து மோதுகிறது. முகங்கள் அழகாக இல்லையே என்று சிலர் குறைப்படலாம். இரண்டு மணி நேரம் காத்திருந்தவர் முகம் வேறு எப்படி இருக்கும்?

பொதுத் தேர்தல் நடந்த 1978-இல் அவர் தீட்டிய ஓவியத்தின் பெயர் 'தேர்தல் காய்ச்சல்'.

1991-இல் அவர் மறைந்தார். 2019-இல் கோலாலம்பூர் இல்ஹாம் கலைக்கூடம் அவர் ஓவியங்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்தது. பொது இடங்களை வரைந்தவருக்கு அவர்கள் சூட்டிய தலைப்பு, 'தனிப்பட்ட வாழ்க்கைகள்'.