அடுக்களை வழியே மலாக்கா

பழைய நகரங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கண்ணை மட்டுமே நம்பிச் செல்கின்றனர். கோட்டை வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதும், தேவாலயத்தின் சிவப்புச் சுவரை அண்ணாந்து பார்ப்பதும், கடைத்தெருவில் இரண்டு சாமான் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுவதுமே சுற்றுலா என்றாகிவிட்டது. இதற்கு மாறான வழக்கம் ஒன்று தென்கிழக்காசிய நகரங்களில் சில பத்தாண்டுகளாக வேரூன்றி வருகிறது. வியட்நாமில், 1999-ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற ஹோய் ஆன் நகரிலும், தாய்லாந்தில் அகழி சூழ்ந்த பழைய சியாங் மாய் நகரிலும், அயல்நாட்டார் காலையில் உள்ளூர்ச் சமையற்காரருடன் சந்தைக்குச் செல்கின்றனர்; காய்கறியையும் மீனையும் பெயர் கேட்டு வாங்குகின்றனர்; அடுப்பங்கரையில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்லச் சமைத்து உண்கின்றனர். நெகிரி செம்பிலானுக்கு அண்டையிலுள்ள மலாக்காவிலும் இவ்வழக்கம் உண்டு. அங்கே இதற்குப் பொருத்தம் ஒரு படி அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

சமையலுக்கும் ஊரைப் பார்ப்பதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். மலாக்காவைப் பொறுத்தவரை அத்தொடர்பு காற்றில் தொடங்குகிறது. பாய்மரக் கப்பல்களின் காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஒரு பருவக்காற்றில் வந்த வணிகர், திரும்பிச் செல்ல மறு பருவக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கீழ்த்திசையிலிருந்து மொலுக்கத் தீவுகளின் கிராம்பையும், பண்டாத் தீவுகளின் சாதிக்காயையும், சீனத்துப் பட்டையும் கொண்டுவந்தவர்களுக்கும் இதே நிலைதான். மாதக் கணக்கில் தங்கியவனுக்கு வீடு வேண்டும். வீடு கொண்டவனுக்கு அடுப்பு வேண்டும். அடுப்பை மூட்டியவள் பெரும்பாலும் இந்நாட்டுப் பெண். வணிகன் ஊரிலிருந்து கொண்டுவந்த மல்லியும் சீரகமும், அவள் தோட்டத்து எலுமிச்சைப் புல்லோடும் அரத்தையோடும் ஒரே கல்லில் அரைபட்டன. 1512 முதல் 1515 வரையுள்ள ஆண்டுகளில் நூல் எழுதிய தோமே பீரெஸ் என்னும் போர்த்துகீசியர், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று பதிந்துவைத்தார். அம்மொழிகளில் பல இன்று மலாக்காத் தெருக்களில் கேட்பதில்லை. அவற்றின் எச்சத்தைக் குழம்புச் சட்டியில் காணலாம்.

ஆகவே வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் அடுக்களை, பிறகு நகரம். காலைச் சந்தையில் மிளகாயைக் கையில் எடுக்கும்போதே வரலாறு தொடங்கிவிடுகிறது. மிளகாய் ஆசியப் பயிரன்று; அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே இப்பக்கம் வந்தது. அவர்கள் மலாக்காவைக் கைப்பற்றியது 1511-இல். அதற்கு முன் இந்நகரில் உண்டவனுக்கு மிளகே உறைப்பு. இன்று மிளகாய் இல்லாத மலாக்கா உணவை நினைத்துப் பார்க்க இயலுமா? சந்தையின் மறு மூலையில் உலர்ந்த கட்டியாக அடுக்கியிருக்கும் பிளாச்சான் இந்நாட்டுக் கடலின் கொடை. சிறு இறாலை உப்பிட்டு நொதிக்க வைத்துக் காயவைத்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர், போர்த்துகீசிய வழியினர் ஆகிய நால்வருக்கும் அது பொதுச் சொத்து.

வீட்டுச் சமையலில் கற்க வேண்டிய முதற்பாடம் அரைப்பு. இதை மலாயில் ‘ரெம்பா’ என்பர். கல்லுரலில் இடுவதற்கு ஒரு முறை உண்டு. நாரும் கடினமும் உள்ள அரத்தையும் எலுமிச்சைப் புல்லும் முதலில், அடுத்து ‘புவா கெராஸ்’ என்னும் எண்ணெய்க் கொட்டையும் மஞ்சளும், பிறகு மிளகாய், சின்ன வெங்காயமும் பிளாச்சானும் கடைசியில். காரணம் எளியது. வெங்காயம் நீர் விடும். அதை முதலில் இட்டால் உலக்கை வழுக்கும், சாறு கண்ணில் தெறிக்கும், நார் அரைபடாது. அரைத்ததை எண்ணெயில் வதக்கும்போது நீர் வற்றி எண்ணெய் தனியே பிரிந்து மேலே வரும்வரை பொறுக்க வேண்டும். அதற்கு முன் மீனையோ இறைச்சியையோ இட்டுவிட்டால் பச்சை வாடை போகாது. தேங்காய்ப் பாலிலும் இத்தகைய நுட்பம் உண்டு: இரண்டாம் பாலில் வேகவைத்து, முதற்பாலை இறுதியில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொதி மிஞ்சினால் பால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். குழம்புக்குக் குற்றமான இதுவே ரெண்டாங்குக்குக் குணம். அதில் பால் திரிந்து, பிரிந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபட வேண்டும் என்பதற்காகத்தான் மணிக்கணக்கில் கிளறுகின்றனர்.

அளவு என்ன என்று கேட்டால் பாபா நியோஞா இல்லத்து மூதாட்டியர் ‘அகாக் அகாக்’ என்பர். உத்தேசமாக என்று பொருள். நம் பாட்டிமார் கண்ணளவு என்பதும் இதுவே. விடுதிகள் சில நடத்தும் இரண்டு மணி நேர வகுப்பில், எல்லாம் முன்கூட்டியே நறுக்கிக் கிண்ணத்தில் அளந்து வைக்கப்பட்டிருக்கும். வந்தவர் எடுத்துச் சட்டியில் கொட்ட வேண்டியதுதான். இதைச் சமையற் பயிற்சி என்பது, எழுதிக் கொடுத்த விடையைப் படியெடுப்பதைக் கணக்குப் பாடம் என்பது போலாகும். கண்ணளவு என்பது அறியாமையன்று. தேங்காய் முற்றியதா இளையதா, மிளகாய் எவ்வளவு உறைக்கும், புளி பழையதா புதியதா என்பதையெல்லாம் பார்த்து அப்போதைக்கப்போது திருத்திக்கொள்ளும் அறிவு அது. அருகிலிருந்து பார்த்தால்தான் கை பழகும்.

இதற்குச் சிறந்த சான்று நியோஞா சமையலின் ‘கெலுவாக்’ கொட்டை. கெப்பாயாங் மரத்தின் இவ்விதை இயற்கையில் நஞ்சு. ஐதரோசயனிக் அமிலம் தருவது. அதை வேகவைத்து, சாம்பலிலும் மண்ணிலும் சுமார் நாற்பது நாள் புதைத்து வைத்த பின்னரே விற்பனைக்கு வரும். வாங்கியவள் சில நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, ஓட்டைத் தேய்த்துக் கழுவி, வாயைச் சிறிது உடைத்து, உள்ளிருக்கும் கருஞ்சாந்தை எடுத்து, கெட்டதைக் கழித்து, எஞ்சியதைப் பிசைந்து மீண்டும் ஓட்டுக்குள் அடைத்துக் கோழிக் குழம்பில் இடுகிறாள். உண்டால் மயக்கம், எறிந்தால் மனம் கேட்கவில்லை என்ற கருத்தில் இக்காயைப் பற்றி மலாயில் பழமொழியே உண்டு. முதன்முதலில் இதைத் தின்னத் துணிந்தவர் யாரோ!

தமிழ் வாசகருக்கு நெருக்கமான அடுக்களை காஜா பெராங்கில் இருக்கிறது. அங்குள்ள கம்போங் செட்டி, மலாக்காச் செட்டிகளின் ஊர். இவர்களைப் பிற்காலத்தில் வட்டித் தொழிலுக்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரோடு குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர். மலாக்காச் செட்டிகள் சுல்தானியர் காலத்தில் வந்து, இந்நாட்டுப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகரின் வழியினர். வீட்டு மொழி மலாய், பெண்களின் உடை சாரோங் கெபாயா, சமயமோ சைவம். பிள்ளை, நாயக்கர், படையாட்சி, பத்தர் என்ற பெயர்கள் இன்றும் அவர்களிடையே வழங்குகின்றன. வணிகம் கைவிட்டுப் போனபின் நகரின் நடுவிலிருந்து விலகி இவ்வூரில் குடியேறிப் பயிர்த்தொழில் செய்தனர். தமிழ்ப் பேச்சு அவர்களை விட்டுப் போய்விட்டது. சாமி கும்பிடுவதும் சமைப்பதும் போகவில்லை.

அவர்கள் சமையலில் மாட்டிறைச்சி இல்லை. பன்றி இறைச்சியும் இல்லை. அரிசியைத் தேங்காய்ப் பாலில் குழைய விடாமல், ஆவியில் பாதி வேகவைத்து, பாலைக் கலந்து, மீண்டும் ஆவியில் ஏற்றும் நாசி லெமாக் அவர்களுக்குரிய சிறப்பு. புளியிட்ட மீன் குழம்பில் பிளாச்சானும் இருக்கும், கறிவேப்பிலையும் இருக்கும். போகியன்று, முன்னோர்க்குப் படையலிடும் ‘பார்ச்சு’ என்னும் சடங்கு வீடுதோறும் நடைபெறுகிறது. வாழையிலைகளை விரித்து, மறைந்தவர் விரும்பி உண்ட பண்டங்களைச் சமைத்து வைப்பர். ஆண்டின் நடுவில், பழக் காலத்தில், டுரியான் முதலிய பழங்களோடு மற்றொரு பார்ச்சு உண்டு. இறந்துபோன பாட்டிக்கு எது பிடிக்கும் என்பது தெரிந்தால்தான் இன்று என்ன சமைப்பது என்பது தெரியும். குடும்பத்தின் சமையற் குறிப்பேடு இவ்வாறு படையலிலேயே காக்கப்படுகிறது. 2010-களில் இவ்வூரை ஒட்டி அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வந்தபோது செட்டிகள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். வீடுகள் கலைந்தால் பார்ச்சு எங்கே நடக்கும் என்ற கவலை நியாயமானதே.

இவ்வளவும் கையால் தொட்டுவிட்டு நகருக்குள் நடந்தால் தெருக்கள் வேறு விதமாகத் தெரியும். தங்கவேலையாளர் தெருவில், டச்சுக்காரர் அளித்த நிலத்தில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம், அதே தெருவழியில் 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், சில அடி தள்ளி மூன்றரை நூற்றாண்டைக் கடந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில். ஒரே உரலில் விழுந்த பொருள்கள் இங்கே கட்டடங்களாக நிற்கின்றன. ஹீரன் தெருவில் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கும் பாபா வீட்டில் நுழைபவர் முன்கூடத்து முத்துச்சிப்பி பதித்த நாற்காலிகளோடு நின்றுவிடாமல், முன்னோர் கூடத்தையும் வானவெளி முற்றத்தையும் கடந்து, கடைக்கோடியில் இருக்கும் அடுப்படி வரை போக வேண்டும். சிவப்பு மாளிகையும் 1753-இல் முடிந்த கிறிஸ்து தேவாலயமும், 1807-இல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தபோது தப்பிய சந்தியாகு வாயிலும் மாலைக்குப் போதும். அவை எங்கும் போய்விடமாட்டா. 2008 முதல் உலக மரபுப் பட்டியலின் காவலில் இருக்கின்றன.

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து மலாக்காவுக்குச் செல்வோர் தம்பின் வழியே செல்வது வழக்கம். 1905 முதல் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு இரயில் ஓடியது. ஜப்பானியர் ஆட்சியில் அத்தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அப்பாதைக்கே அனுப்பப்பட்டனர் என்பதை அவ்வழி செல்வோர் நினைத்துக்கொள்வது தகும்.

ஆனால் சமையல் கற்க எல்லை தாண்டித்தான் ஆக வேண்டுமா? ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும் சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்களின் அடுக்களை இருக்கிறது. சீலி அப்பி என்னும் ஊசிமிளகாயும் பச்சை மஞ்சளும் இடித்து, வதக்காமலே தேங்காய்ப் பாலில் கூட்டும் ‘மாசாக் லெமாக்’ இம்மாநிலத்தின் அடையாளம். 1902-க்கும் 1908-க்கும் இடையே ஆணியின்றி 99 தூண்களில் எழுப்பப்பட்ட ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைக் கண்டு வருவோர், வழியில் ஒரு கம்பத்து வீட்டில் இதைக் கற்றால் ஒரு நாள் நிறைவு பெறும். அங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘அடாட் பெர்பாத்தே’ என்னும் வழக்கப்படி மூதாதையர் நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. அடுப்பும் வீடும் ஒருவர் கையிலேயே இருப்பதால் கைப்பக்குவம் இடம் மாறாமல் இறங்கி வருகிறது.

தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தப் பேறு இல்லை. லயத்து வீடு கம்பெனியுடையது; வேலை முடிந்தால் வீடும் போயிற்று. ரப்பர் எண்ணெய்ப்பனையாகி, சில இடங்களில் வீடமைப்புப் பகுதியாகி, லயங்கள் இடிபட்டபோது அடுக்களையும் சிதறியது. அதுவும் ஒரு தனிச் சமையல்தான். ரப்பர் விறகின் சீரான தணல், ஜப்பானியர் காலத்தில் உயிர் காத்த மரவள்ளிக்கிழங்கு, மலாய்க்காரரிடம் பழகிய பிளாச்சான் சம்பல், ஊரிலிருந்து வந்த கருவாட்டுக் குழம்பு ஆகியவை ஒரே தட்டில் கூடின. இதைக் கற்றுத்தரும் வகுப்புக்கு அயல்நாட்டார் வருவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கற்றுத்தரக் கூடியவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளே இன்னும் கற்கவில்லை.

எழுதிவைக்க முனைவோர் ஒரு முறையைக் கைக்கொள்ளலாம். பாட்டியிடம் அளவு கேட்க வேண்டாம். கேட்டால் கை தடுமாறும். உப்புச் சாடி, மிளகாய்த்தூள் டப்பா, புளிப் பானை ஆகியவற்றைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அவர் தம் போக்கில் அள்ளிச் சமைக்கட்டும். முடிந்ததும் மறுபடி நிறுத்துக் கழித்தால் அளவு தெரிந்துவிடும். ஒரே குழம்பை மூன்று வெவ்வேறு நாள்களில் இவ்வாறு குறிக்க வேண்டும். மூன்று நாளும் எண்கள் மாறியிருக்கும். ஏன் மாறின என்பதை அப்போது கேட்கலாம். அவர் சொல்லும் விடையை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.