பனையும் பனிப்பனையும்

பனங்கொட்டையை மண்ணிலிட்டால் முளைக்கும் என்பதை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். மண்ணுக்குள் அது என்ன செய்கின்றது என்பதை அறிந்தோர் சிலரே. தை மாதத்திற் பாத்தியைக் கிண்டிக் கிழங்கை அவித்துண்ணும் நாம், அக்கிழங்கு விதையை விட்டு அவ்வளவு தூரம் கீழே எவ்வாறு சென்றதென்று வினவுவதில்லை. பிறநாடுகளிற் குடியேறிய பழைய மாணவர் சிலரோ, வீட்டிலே ஒரு பனையை முளைப்பிக்கலாமா, உறைபனி பெய்யும் நாட்டில் அது பிழைக்குமா என்று கேட்கின்றனர். இரண்டுக்கும் விடை விதை முளைக்கும் விதத்திலேயே அடங்கியிருத்தலின், அவற்றை ஒருங்கே விளக்கலாம்.

பனையைத் தொல்காப்பியம் மரம் என்று கொள்வதில்லை. வைரம் வெளிப்புறத்தே அமைந்தவற்றைப் புல்லென்றும், உள்ளே அமைந்தவற்றை மரமென்றும் அதன் மரபியல் வகுக்கின்றது. பாலையும் முதிரையும் மரம், பனை புல். இக்காலத் தாவர நூலாரும் பனை, தென்னை, கமுகு, ஈச்சு என்பவற்றை நெல்லோடும் மூங்கிலோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் அடக்குவர். தமிழாசிரியன் ஒருவன் பயிர்நூல் பேசுவதற்கு இவ்வொற்றுமையே அனுமதி தருவதாகக் கொள்க.

புல்லினம் என்பதனால் விளையும் பயன் ஒன்றுண்டு. பாலையின் கொம்பை வெட்டினால் வேறு கொம்பு தளிர்க்கும். பனைக்கு வளர்முனை ஒன்றே. அது கருகினால் உயிர் போயிற்று. எனவே இளம்பருவத்தில் அம்முனையை வெயிலுக்கும் காட்டுத்தீக்கும் மாட்டின் வாய்க்கும் எட்டாதவாறு மறைத்தல் வேண்டும். பனைவிதை அதனைச் செய்கின்ற வகை வியப்புக்குரியது.

ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரையில் இருக்கும். நுங்காய் இருந்தபொழுது நீர்போல் நெகிழ்ந்திருந்த பகுதி, பழம் முற்றியபின் கல்லைப்போல் இறுகிய வெண்பருப்பாகின்றது. கொட்டையின் கண்ணருகே மிகச் சிறிய முளைக்கரு கிடக்கின்றது. ஈரம் பட்டதும் கண்ணின் வழியே வெண்ணிறமான தண்டொன்று புறப்பட்டு நேரே கீழ்நோக்கிச் செல்லும். அதனைப் பலர் வேர் என்பர், அது வேரன்று. வித்திலையின் காம்பே குழாயாக நீண்டு, தன் நுனியிலே பனங்கன்றின் உயிரை ஏந்திக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகின்றது. வித்திலையின் மற்றைய முனை கொட்டையினுள்ளேயே தங்கிப் பஞ்சுபோற் பருத்துப் பருப்பைக் கரைத்துறிஞ்சிக் கீழே அனுப்பும். கொட்டையைப் பிளந்து சிறுவர் விரும்பியுண்ணும் பூரான் இதுவே.

பொலபொலப்பான மணலாயின் தண்டு 1 அடி முதல் 3 அடி வரையில் இறங்கும். பின்னர் நுனியிலிருந்து வேர் கீழே செல்ல, முளை மாப்பொருளைச் சேமித்துப் பருக்கும். பனங்கிழங்கு எனப்படுவது இம்முளையே. மரவள்ளியைப்போல் வேர் பருத்து உண்டாவதன்று. கொட்டையின் சேமிப்பெல்லாம் ஆழத்துக்கு இடம் மாறியபின் மேலே எஞ்சுவது ஊமல். அது அடுப்புக்குப் போகும். முதலோலை நிலத்துக்கு மேலே தலைகாட்டப் பல மாதங்கள் செல்லும். அதுவரையில் ஒன்றும் நடவாததுபோலவே தோன்றும். பொறுமையிழந்து தோண்டிப் பார்ப்போரின் கையாலேயே பல கன்றுகள் மடிகின்றன.

நம் முன்னோர் பனம்பாத்தியை நிலமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டியமைக்குக் காரணம் இப்பொழுது விளங்கும். தண்டு தடையின்றி இறங்குதற்கு இளமண் வேண்டும். நெடுங்கேணிப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் மண்வெட்டியையே திருப்பிவிடும். அதன்மேற் கொட்டையைப் பரப்பினால் தண்டு வளைந்து கிழங்கு கோணும். ஆகவே மணல் கலந்து மேடாக்குதல் இங்கே இன்னும் அவசியம். ஆடி முதற் புரட்டாதி வரையில் விழும் பழங்களின் கொட்டைகளை உலரவிடாது சேர்த்து மாரிக்கு முன்னே அடுக்கிவிட்டால், மூன்று நான்கு மாதங்களிற் கிழங்கு கிண்டலாம். உலர்ந்து கிலுங்கும் கொட்டையால் விறகுப் பயனேயன்றி வேறில்லை.

இது கிழங்குக்கு. மரம் வேண்டுவோர் செய்யவேண்டியது வேறு. நாற்றுப்பையில் முளைக்கவைத்துப் பின்னர் நடுதல் இந்நாளைய வழக்கமாகி வருகின்றது. ஒரு சாண் ஆழமுள்ள பையின் அடியில் தண்டு முட்டிச் சுருளும். பெயர்க்கும்பொழுது வேர் முறியும். பனைக்கு நின்ற இடமே நிலையிடம். வேலியோரத்திலோ வீதியோரத்திலோ 10 அடிக்கு ஒன்றாக இரண்டு அடி ஆழம் மண்ணை இளக்கி, குழிக்கு இரண்டு மூன்று கொட்டை இட்டு, நன்றாக வந்த ஒன்றை விட்டுவிடலாம். பன்றி கிளறாதபடி முள் வைத்தல் நன்று. யானையைப்பற்றி முறையிடுவோர், அது பழத்தை விழுங்கிக் கொட்டையை இலத்தியோடு காடெங்கும் விதைக்கின்றது என்பதையும் கணக்கிற் கொள்ளல் தகும்.

இதனை இவ்வளவு விரித்தெழுதுதற்குக் காரணம் உண்டு. போர்க்காலத்திற் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாக வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தறிக்கப்பட்ட பனைகள் பல. எறிகணையால் தலையிழந்து மொட்டையாய் நின்றவையும் பல. பனை பாளைவிடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். 2009 இற் போர் ஓய்ந்தவுடன் விதைத்த கொட்டையே இப்பொழுதுதான் அப்பருவத்தை எட்டுகின்றது. அது ஆணோ பெண்ணோ என்பதும் பாளை வந்தபின்னரே தெரியும். ஈழத்திலே பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருந்து வருகின்றது. தமிழ்நாட்டரசு 2021 ஆம் ஆண்டு வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில் 76 இலட்சம் பனைவிதைகளை வழங்குவதாக அறிவித்தது. முயற்சி பெரிதே. ஆயினும் விதைத்த கொட்டையை எண்ணுவதினும், மூன்றாண்டு கழித்து நிற்கும் வடலியை எண்ணுவதே சரியான கணக்கென்பது என் கருத்து.

இனி, பனிநாட்டார் வினாவுக்கு வருவோம். நம் பனை உறைபனியைத் தாங்காது. வெப்பமான அறையில் மூன்றடி ஆழமான தொட்டியில் முளைப்பித்து வீட்டுச்செடியாக வைத்திருக்கலாமேயன்றி, முற்றத்திற் காணவியலாது. முற்றத்துக்கு வேண்டுமாயின் அதன் உறவினம் ஒன்றை நாடலாம். சீனத்துச் சூசான் தீவின் பெயரால் வழங்கும் பனை, பனைபோன்ற விசிறியோலையும், ஆண் பெண் என்ற பிரிவும், நார் போர்த்த தண்டும் உடையது. றொபேட் ஃபோர்ச்சியூன் என்னும் தாவர அறிஞர் 1849 இல் அதன் கன்றுகளை இலண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். நீர் உறையும் நிலைக்குப் பத்துப் பாகைக்கும் கீழான குளிரையும் முதிர்ந்த மரம் தாங்கும். தென் இங்கிலாந்திலும் வான்கூவர் நகரிலும் அது வெளியே வளர்கின்றது. ரொறன்ரோவின் மாரிக்குப் போர்வையோ குளிர்ந்த உள்ளறையோ வேண்டும். பாரதத்திலும் இவ்வினத்துக்கு உறவு உண்டு: இமயத்தின் குமாவுன் மலைகளில் மாரியிற் பனி மூடும் உயரத்திலே வளரும் பனையொன்றைப் பெக்காரி என்னும் இத்தாலியர் 1905 இல் நூல்முறையாகப் பெயரிட்டு விவரித்தார்.

அவ்விதை அவரைவிதை அளவினதே. புதிய விதையைப் பெற்று, இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்து, நாளும் நீர் மாற்றித் தோலைத் தேய்த்து நீக்குக. ஈரமணலும் மட்கிய தும்பும் கலந்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில், ஆழமான குவளையில் ஓர் அங்குலத்துக்குக் குறைவாகப் புதைத்து, 20 முதல் 25 பாகை வெப்பமுள்ள இடத்தில் வைக்க. குளிர்தாங்கும் இனமாயினும் முளைத்தற்கு வெப்பம் வேண்டும் என்பதை மறத்தல் கூடாது. ஒன்று முதல் மூன்று மாதங்களில் முளை தோன்றும். இங்கும் முதலிற் செல்வது கீழ்நோக்கிய தண்டே. புல்லிதழ் போன்ற ஒற்றையோலை பின்னரே எழும். விசிறியோலை காண ஆண்டுகள் சில ஆகும்.

ஊரிலிருந்து பனங்கொட்டை கொண்டுசெல்ல விரும்புவோர் தாவரச் சுகாதாரச் சான்றிதழும், செல்லும் நாட்டின் அனுமதியும் பெறுதல் வேண்டும். இன்றேல் விமான நிலையத்திலேயே பறிபோகும். எவ்வினமாயினும், ஓலை வந்தபின் தண்டோடு ஒட்டியிருக்கும் விதை அழகற்றதென்று கிள்ளியெறிந்துவிடாதீர்கள். பூரான் அதனுள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.