காசு கொடுத்தும் சொந்தமில்லை!

ஹனூர்: கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியிலுள்ள ஹனூரில், கம்ப்யூட்டர் விளையாட்டில் நாட்டமுள்ள தமிழ் இளைஞர்கள் கூடினால் ஒரு வாதம் எழாமல் இருப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கம்பெனியிடம் அனுமதி கேட்டு நிற்பதா என்று ஒரு சாரார் குமுறுகின்றனர். திருட்டுப் பிரதி பெருகினால், தயாரித்தவன் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்கின்றனர் மறுசாரார்.

2004-ல் 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டை சி.டி.யாக வாங்கியவர்களும் 'ஸ்டீம்' இணையதளத்தில் பதிந்த பிறகே ஆட முடிந்தது. இதில் வசதியும் உண்டு. சி.டி. கீறினாலும் தொலைந்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால், கம்பெனி கதவைச் சாத்தினால்? 2014-ல் வெளிவந்த 'தி க்ரூ' கார்ப் பந்தய விளையாட்டை 'யூபிசாஃப்ட்' 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் இணைப்பு தேவை என்பதால், வாங்கியவர்கள் வெறுங்கையுடன் நின்றனர்.

பூட்டை உடைக்கலாம் என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்துடன் காப்புப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

விற்பது சொத்தல்ல, உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் அமலில் உள்ளது.

பூட்டில்லாமல் விற்கும் 'ஜி.ஓ.ஜி.' போன்ற தளங்களும் இருக்கின்றன. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குவோர், இணைப்பின்றி ஆட முடியுமா என்று பணம் கட்டுமுன் விசாரித்துக்கொள்வது நலம்.