நாடகத்தில் கேட்ட பெயர், படத்தில் பார்த்த பெயர்

காலைப் பெரட்டில் கிராணி பெயர் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் விளக்கடியில் நின்ற அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். கிழவர், கிழவிகள் வரிசையில் குப்புசாமி, பிச்சைமுத்து, மூக்காயி, குப்பம்மா. அவர்கள் பெற்ற மக்கள் வரிசையிலோ குணசேகரன், மனோகரன், சரோஜா, வசந்தி! ஒரே லயம், ஒரே கித்தாக் காடு, ஒரே சம்பளம். பெயர் மட்டும் எப்படி இப்படி மாறிப் போயிற்று?

“தோட்டத்து ஆளுங்க படம் பாத்துப் பேரு வைக்கிறவங்க” என்று பட்டணத்தில் சிலர் சிரிப்பார்கள். நம் முகத்துக்கு நேராகவே சிரித்திருக்கிறார்கள். ஆமாம், வைத்தோம். ஏன் வைத்தோம் என்பதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

பழைய பெயர்களை இகழ நமக்கு மனம் வராது. குழந்தை பிறந்து பிறந்து இறந்த வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பம்மா என்றார்கள். சாமியிடம் பிச்சை கேட்டு வாங்கியதாக எண்ணிப் பிச்சை என்றார்கள். பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கித் தவிட்டம்மா என்றவர்களும் உண்டு. மட்டமான பெயரென்றால் எமன் தேடி வரமாட்டான் என்று நம்பிக்கை. காய்ச்சலும் பேதியும் லயத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தில் அந்தப் பெயர் ஒரு தாயின் வேண்டுதல் அல்லவா! ஆனால் அதே பெயரைத் தண்டல் “ஏய் குப்பா! ஏய் பிச்ச!” என்று கூப்பிடும்போது வேண்டுதல் போய், ஏச்சு மட்டும்தான் மிச்சமிருந்தது.

இந்த இடத்தில்தான் நாடகம் வந்தது. மாரியம்மன் திருவிழா என்றால் ஓர் இரவு நாடகத்துக்கு. கேஸ் விளக்கு, ஆர்மோனியம், மத்தளம், சாக்குத் திரை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) எழுதி வைத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா முதலியவற்றை நம் பெரியவர்கள் வாய்ப்பாடமாக வைத்திருந்தார்கள். வசனம் கொஞ்சம், பாட்டு விடிய விடிய! பகலில் வாளி தூக்கிய மனிதர் இரவில் ராஜபார்ட். அவருடைய கூட்டாளி சேலை கட்டி ஸ்திரீபார்ட். நம் பெண்கள் மேடையேறாத காலம் அது. துரைக்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்த்து நின்றவர், கிரீடம் வைத்துக்கொண்டு “யாரங்கே!” என்று ஒரு சத்தம் கொடுப்பார் பாருங்கள், லயமே நிமிர்ந்து உட்காரும். அடுத்த மாதம் பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் அங்கேயே கிடைத்துவிடும். வள்ளி, சாவித்திரி, சுலோசனா, சந்திரமதி என்று எத்தனை பேர்!

அதிலும் ஒரு கணக்கு இருந்தது. நல்லதங்காள் நாடகத்துக்கு அழாத கண் கிடையாது. பஞ்சம் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு அது சொந்தக் கதை மாதிரி. ஆனாலும் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டவள் பெயரைத் தன் பெண்ணுக்கு வைத்த வீடு ஒன்றைக்கூட நாம் பார்த்ததில்லை. அழுவது வேறு, பெயர் வைப்பது வேறு!

பிறகு மேடைக் கதைகளே படமாயின. ‘வள்ளி திருமணம்’ 1933-இல் வந்தது. மறு வருடம் ‘பவளக்கொடி’, எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ நாடகம் 1954-இல் சிவாஜி கணேசன் நடிக்கப் படமானபோது, மனோகரன்கள் தோட்டம் தோட்டமாகப் பிறந்தார்கள். ‘பராசக்தி’ (1952) குணசேகரனைக் கொடுத்தது. ‘கல்யாணப் பரிசு’ (1959) வசந்தியையும் கீதாவையும் கொடுத்தது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) மணிமாறனையும் பூங்கொடியையும் கொடுத்தது. சரோஜா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதே இல்லை! எம்.ஜி.ஆரோடு அந்தப் படங்களில் சண்டை போட்ட நம்பியாரின் பெயரைத்தான் ஒருவரும் வைக்கவில்லை. அது தண்டலுக்குப் பட்டப்பெயராகப் போய்விட்டது.

இதற்குப் பின்னால் வேறொரு காற்றும் வீசியது. 1929-லும் 1954-லும் பெரியார் மலாயாவுக்கு வந்து போனார். சுயமரியாதைப் பேச்சு லயத்துக்குள் நுழைந்தது. சாதி தெரியாத பெயர், எழுந்து நிற்கிற பெயர் வேண்டும் என்று தோன்றிய நேரத்தில் குணசேகரனும் மணிமாறனும் திரையில் வந்து நின்றார்கள். கூலிக்காரன் மகனுக்கு மணிமாறன் என்று பெயர் வைத்தபோது, அந்தப் பெயரைக் கிராணியும் தண்டலும் தினமும் வாயால் சொல்லியே ஆகவேண்டும் என்று வந்ததே, அதைச் சின்ன விஷயம் என்று நாம் நினைக்கவில்லை.

பெயர் வைத்தது நாம். எழுதியது யார்? அங்கேதான் வில்லங்கம்.

2010-ஆம் ஆண்டு, கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மாள் நம்மைத் தேடி வந்தார். ஐம்பத்தைந்து வயது நிறைந்துவிட்டது; சேமிப்புப் பணத்தை எடுக்கப் போன இடத்தில் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து மூன்று காகிதங்களை மேசையில் வைத்தார். பிறப்புச் சூராவில் பவளகொடி. அடையாள கார்டில் பாவலகோடி. சேமிப்புக் கணக்கில் வெறும் கொடி! பிறந்த தோட்டம் துண்டாடலில் விற்கப்பட்டபோது குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறியது. அங்கே பெயர் பதிந்த கிராணி, நீளமாக இருக்கிறதென்று முன்பாதியை வெட்டிவிட்டார். செக்ரோலில் இருந்த அந்தப் பெயரே கணக்கிலும் ஏறி நின்றது.

“அம்மா, கொடின்னே எல்லாத்திலயும் மாத்திடலாமா? சுலபமா முடியும்” என்று நாம் கேட்டது தப்பாகப் போயிற்று.

“எங்கப்பா மேடையில அந்தப் பேர கட்டி ஆடினாரு தம்பி. ஸ்திரீபார்ட்டுன்னா அவருதான். நான் பொறந்தன்னைக்குக்கூட அரிதாரம் கலைக்காம ஓடியாந்து பாத்தாராம். கொடின்னா என்னா, துணி காயப் போடுற கொடியா? நான் ராணி பேருய்யா!”

நாம் பேசாமல் குனிந்துகொண்டோம். தலைவர் என்று அழைக்கப்படுகிறவனுக்கு இப்படி நாலு பேர் தேவைதான்.

அலைச்சல் எட்டு மாதம். அவர் சின்ன வயதில் சேர்ந்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடிப் போனோம். தோட்டம் போய்விட்டது; நல்ல வேளை, பதிவேடு பக்கத்துப் பள்ளியில் இருந்தது. யாரோ ஒரு வாத்தியார் மை தொட்டு, தகப்பன் பெயரோடு, ‘பவளக்கொடி’ என்று ‘க்’ முதற்கொண்டு பிசகாமல் தமிழில் எழுதி வைத்திருந்தார்! அதன் நகல், தோட்ட நிர்வாகத்தின் கடிதம், மூன்று பெயரும் ஒருவரே என்ற சத்தியப் பிரமாணம், எல்லாம் வைத்த பிறகுதான் பணம் கைக்கு வந்தது. வாங்கிய அன்று அந்த அம்மாள் பணத்தை எண்ணவில்லை. பள்ளிப் பதிவேட்டின் நகலைத்தான் திருப்பிக் கேட்டார்.

இந்தத் தொல்லை இன்னும் தீரவில்லை. குணசேகரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் முதல் எழுத்து ஜியா, கேயா? நடுவில் வருவது கேயா, ஜியா? அங்கேயே நாலு வகை ஆயிற்று. அண்ணன் பிள்ளைக்கு ஒரு வகை, தம்பி பிள்ளைக்கு ஒரு வகையில் தகப்பன் பெயர் பதிந்திருக்கிற குடும்பங்களை நாம் அறிவோம். தகப்பன் இறந்து பணம் பங்கு பிரிக்கும்போதுதான் அது தெரிய வரும்! ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

சிங்கப்பூரில் எடுத்த ‘பிரியா’ (1978), ‘அஞ்சலி’ (1990), ‘ரோஜா’ (1992) வரைக்கும் பெயர்கள் எழுதச் சுலபமாக இருந்தன. இப்போது படத்துப் பெயரையும் எடுத்துக்கொண்டு, எண் சோதிடத்துக்காக நடுவில் ஓர் எச், கடைசியில் இரண்டு ஏ சேர்க்கிறார்கள். சேர்க்கட்டும், பிள்ளை அவர்களுடையது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், பதிவுத் தாளை வீட்டுக்காரி ஒரு முறை, அக்காவோ மாமனோ ஒரு முறை, எழுத்தெழுத்தாக வாசித்துவிடுங்கள். தகப்பன், தாய் பெயரை அவரவர் அடையாள கார்டை வைத்து ஒத்துப் பாருங்கள். ‘அப்புறம் திருத்திக்கலாம்’ என்று யார் சொன்னாலும் அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள். பழைய காகிதங்களில் பெயர் வேறுபட்டு இருப்பவர்கள் ஐம்பத்தைந்து வரை காத்திராமல் இப்போதே சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் பள்ளிப் பதிவேட்டை மறக்க வேண்டாம்.

தங்கள் தோட்டத்து மேடையிலிருந்தும் திடலில் கட்டிய படத் துணியிலிருந்தும் இறங்கி வந்த பெயர்கள் என்னென்ன? எந்த நாடகம், எந்தப் படம், யார் வைத்தது என்று எழுதி அனுப்புங்கள்; இப்பகுதியில் போடுவோம். நல்லதங்காள் என்று பெயர் வைத்த வீடு எங்கேனும் இருந்தால் அதையும் அவசியம் தெரிவியுங்கள்.