முகத்துக்குப் பின்னால் ஒரு கதை

குடும்ப அல்பத்தைப் புரட்டும்போது நம் கண்கள் முகங்களைத்தான் தேடுகின்றன. "இது வாப்பா, இது சாச்சி" என்று விரல் வைத்துச் சொல்கிறோம். முகத்துக்குப் பின்னால் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த மனிதர் எங்கே, எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்வது பல வேளைகளில் அந்தப் பின்னணிதான்!

சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டப்புறங்களையே எடுத்துக்கொள்வோம். இறக்குவானை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை எனத் தேயிலையும் இறப்பரும் வளரும் மலைச்சரிவுகள். பச்சை மலை, கூடை, புன்னகை. கொழுந்து பறிக்கும் பெண்ணைச் சுற்றுலாப் படங்கள் இப்படித்தான் காட்டுகின்றன. மாலையில் அவள் திரும்பிச் செல்லும் லயக் காம்பரா அவற்றில் இருப்பதில்லை. பின்னணியைத் தெரிவு செய்பவர், கதையையும் தெரிவு செய்துவிடுகிறார்.

இது பழைய வழக்கம். புகழ்பெற்ற ஆங்கிலேயப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் குடியேறினார். தோட்டத் தொழிலாளரையும் ஊராரையும் படமெடுத்தார். 1879இல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கப்பட்டார். அவர் பெயரை உலகம் அறியும். அவர் 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்போ, 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதுதான். அதில் உள்ளோரின் பெயர்கள் தலைப்பில் இல்லை.

பின்னர் நகரங்களில் ஸ்டூடியோக்கள் வந்தன. மாளிகைப் படிக்கட்டும் பூங்காவும் தீட்டிய திரைக்கு முன்னால், இருப்பதில் நல்ல உடையை உடுத்தி நின்றார்கள். இன்று அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்தத் திரையும் ஒரு கதைதான். வாழ்ந்த இடத்தையல்ல, வாழ விரும்பிய இடத்தைச் சொல்லும் கதை.

எல்லாவற்றையும்விட வேதனையானது பின்னணியே இல்லாத படம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கப்பலேறக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். அந்தப் படத்தில் முகம் மட்டுமே உண்டு. பிறந்த லயமும், பெரட்டுக்களமும், பெற்றோரை அடக்கிய மண்ணும் அதில் இல்லை!

இன்று கைத்தொலைபேசி வீட்டுக்கு வீடு இருக்கிறது. சகோதரிகளே, சிலவற்றைக் கவனியுங்கள். முகத்தை நெருங்கி எடுத்தபின் நான்கடி பின்னால் வந்து இன்னொரு படம் எடுங்கள். உம்மாவை அவர் சமைக்கும் அடுப்படியிலும், பாட்டனாரை அவர் உட்காரும் இஸ்தோப்பிலும் எடுங்கள். வாசல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். தலைக்குப் பின்னால் கம்பமோ கொடிக்கயிறோ வராமல் ஓரடி நகர்ந்து நில்லுங்கள். முகம் காட்ட விரும்பாத பெண்ணின் கதையையும் பின்னணி சொல்லும். தையல் இயந்திரத்தில் பதிந்த கைகளே போதும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நோன்பு காலத்தில் உலர் உணவுப் பொதியோடு தோட்டத்துக்குப் போய், வாங்கும் தாயை உடைந்த லயத்தின் முன் நிறுத்திப் படமெடுக்கிறார்கள் சிலர். அங்கே அவளுடைய வீடு, கொடுப்பவரின் பெருமைக்குப் பின்னணி ஆகிவிடுகிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது அல்லவா? அதே தாயிடம் அனுமதி கேட்டு, அவள் விரும்பிய இடத்தில், அவள் பிள்ளைகளோடு ஒரு படம் எடுத்து அவளிடமே கொடுத்துப் பாருங்கள். அதுவும் ஒரு சதகாதான்.

படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். நம் பேரப்பிள்ளைகள் அவர்களை "யாரோ ஒரு குழு" என்று சொல்லாதிருக்கட்டும்.